மவுஸைத் தொடாத அக்கா

பெல்மதுளைச் சந்திக்குப் பக்கத்தில் நான் வேலை பார்க்கும் கொமியுனிகேஷன் கடையில் அப்போதும் இரண்டு கணினிகள்தான். என்னுடையதன் மவுஸ் மேசைமேல் கிடக்கும். என்னோடு வேலை பார்த்த அக்காவுடையதற்கும் மவுஸ் உண்டு. ஆனால் அது வயரோடு சுருட்டப்பட்டு, மேசை லாச்சிக்குள், பழைய இறப்பர் முத்திரைகளுக்கு அடியில் கிடந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், யாரோ மறந்துபோய் உள்ளே வைத்துவிட்டார்கள் என்று நினைத்து, அதை எடுத்துத் துடைத்து அவருடைய மேசையில் வைத்தேன். அவர் அதை முழங்கையால் தள்ளி மறுபடியும் லாச்சிக்குள் விழுத்தி மூடினார்.

"அது வேணாம். கை மேசய விட்டு எழும்புனா நேரம் போகும்" என்றார்.

அவருக்கு அப்போது முப்பத்தெட்டு வயது இருக்கும். எனக்கு இருபத்தாறு. கஹவத்தைக்கு மேலே ஒரு தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக உள்ள லயத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். கணினிக்கு முன்னால் உட்கார்ந்தால் இரண்டு மணிக்கட்டுகளையும் மேசை விளிம்பில் அழுத்தி வைத்துக்கொள்வார். விரல்கள் மட்டும்தான் அசையும். மேசை அழுத்திய கோடு பின்னேரம்வரை அவருடைய கையில் சிவப்பாகத் தெரியும்.

எங்கள் வேலை போட்டோ கொபி எடுப்பது, கடிதம் அடிப்பது, இணையத்தில் விண்ணப்பம் நிரப்புவது. தோட்டங்களிலிருந்து வருகிறவர்களுக்கு மூன்றாவதுதான் முக்கியம். கடவுச்சீட்டு, பரீட்சை, வேலை எல்லாம் இணையத்துக்குப் போய்விட்டன. அந்தப் படிவங்களோ ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் இருந்தன. கையில் அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டு, பிறப்புச் சான்றிதழைப் பொலித்தீன் பைக்குள் வைத்துக்கொண்டு, ஆட்கள் அக்காவின் மேசைக்கு முன்னால் வரிசையாக நிற்பார்கள். நான் உட்காரும் கதிரைக்கு முன்னால் யாரும் இல்லாதபோதும் நிற்பார்கள். "நான் செஞ்சி தாரேன், வாங்க" என்று கூப்பிட்டால், "பரவாயில்ல, பெரிய மிஸ் முடிக்கட்டும்" என்பார்கள். இரத்தினபுரியில் ஒரு வருடம் கணினி வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவள் நான். அந்த "பெரிய மிஸ்" ஒவ்வொரு முறையும் எனக்குச் சுருக்கென்றது.

அவருடைய வேகத்தை நான் குறைத்துச் சொல்லக் கூடாது. மழைக்கு இணையம் அறுந்துபோகும். நான் மவுஸை உருட்டி, செட்டிங்ஸைத் திறந்து, ஒவ்வொரு பக்கமாகத் தேடிக்கொண்டிருப்பேன். அவர் விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துவார். திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் நாலெழுத்து, ஒரு புள்ளி, இன்னும் மூன்றெழுத்து, எண்டர். நான் இடத்தைக் கண்டுபிடிப்பதற்குள் அவர் நெட்வேர்க்கை ஒரு முறை நிறுத்தி மறுபடி ஓடவிட்டிருப்பார். பிரிண்டருக்கு ஒரு கட்டளை, சத்தத்துக்கு ஒன்று, திகதிக்கு ஒன்று. மொழியை மாற்ற விண்டோஸும் ஸ்பேஸும். எல்லாம் அவருடைய விரலில் இருந்தன.

ஒரு நாள் ஒரு மனிதர் மகனின் பரீட்சை அனுமதி அட்டையை எடுக்க ஓடி வந்தார். பரீட்சை அன்றைக்கே, பையன் பள்ளிக்கூட வாசலில் நிற்கிறான். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் பாதுகாப்பில்லை என்று சிவப்பு எச்சரிக்கை வந்தது. இணையம் கெட்டுவிட்டது என்று நான் தீர்மானித்து, பக்கத்துக் கடைக்குப் போகச் சொன்னேன். மனிதரின் முகம் வெளுத்துவிட்டது. அக்கா தன் இடத்திலிருந்தபடியே என் திரையின் மூலையைப் பார்த்தார்.

"வருசத்தப் பாரு."

கணினியின் கடிகாரம் ஏதோ பழைய வருடத்தில் நின்றது. உள்ளேயுள்ள சின்ன பட்டரி செத்துப்போயிருந்தது. அக்கா என் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, அந்தச் சின்னப் பெட்டியில் ஏதோ அடித்து, திகதியைத் திருத்தினார். அனுமதி அட்டை வந்தது. அந்த மனிதர் அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு மழையில் ஓடினார். அக்கா என்னைப் பார்க்கவேயில்லை. பார்த்து ஏதாவது சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

இன்னொரு நாள் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜண்ட் ஒருவர் வந்திருந்தார். அக்கா ஒரு பெண்ணின் கடவுச்சீட்டுப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது, அவர் பின்னால் குனிந்து அவளுடைய விலாசத்தை வாசிக்கத் தொடங்கினார். விண்டோஸ், எல். திரை பூட்டிக்கொண்டது.

"என்னா மிஸ், நான் பாக்கக் கூடாதா?"

"கூடாது."

"நான்தானே இவள அனுப்புறேன்?"

"அனுப்புங்க. ஆனா இது அவளோட பேப்பர். நீங்க வெளியில பெஞ்சில ஒக்காருங்க, அப்பதான் தொறப்பேன்."

ஆள் கடைவாசலில் நின்று சத்தம் போட்டார். நாங்கள் நானா என்று கூப்பிடும் கடை முதலாளி எழுந்து வந்துதான் சமாதானம் செய்ய வேண்டியிருந்தது. அந்த நேரம் முழுவதும் அக்கா பூட்டிய திரைக்கு முன்னால், மணிக்கட்டுகளை மேசையில் அழுத்தியபடி அசையாமல் இருந்தார். எவ்வளவு திடம் என்று அன்று நான் வியந்தேன்.

சில விஷயங்களை நான் கவனித்திருந்தேன், ஆனால் சேர்த்துப் பார்க்கவில்லை. அவர் எங்களோடு உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கமாட்டார். கடைக்குப் பின்னால் போய்த் தனியாகக் குடிப்பார். காகிதத்தை யாரிடமும் நீட்டமாட்டார். மேசைமேல் வைத்துத் தள்ளிவிடுவார். இரட்டை எழுத்து வரும் இடத்தில் ஒரு கணம் நின்று, பிறகுதான் இரண்டாவது எழுத்தை அடிப்பார். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை வரமாட்டார். நேர்த்திக்கடன், கோயிலுக்குப் போகிறேன் என்பார். எல்லாவற்றையும் அவருடைய கர்வம் என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

நான் சேர்ந்த புதிதிலேயே ஒன்று சொல்லியிருந்தார். "என் மெஷின்ல ஒக்காரலாம், அதுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா செட்டிங் எதையும் மாத்தாத. ஏதும் வேணும்னா என்னைய கேளு."

அவர் வராத ஒரு வெள்ளிக்கிழமை என் கணினியில் இணையம் வரவேயில்லை. அவருடையதில் உட்கார்ந்தேன். லாச்சியிலிருந்து மவுஸையும் எடுத்துப் பொருத்தினேன். தோட்ட வேலையிலிருந்து நின்றுவிட்ட ஓர் அம்மா சேமலாப நிதிக்கு விண்ணப்பிக்க வந்திருந்தார். பெயர் ரெங்கம்மா. ஆங்கிலத்தில் அவருடைய பெயரை அடித்தேன். இரண்டு எம் அடித்தால் ஒன்றுதான் விழுந்தது. பார்க்காமல் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அவருடைய மருமகள் பிழையைக் கண்டுபிடித்தாள். மறுபடி அடித்தேன். இந்த முறை அடையாள அட்டை எண்ணில் இரண்டு சைபர் வரும் இடத்தில் ஒன்றைக் காணோம். மூன்றாவது முறை காகிதத்தை நீட்டியபோது வரிசையில் எட்டுப் பேர் நின்றார்கள்.

அந்த அம்மா கோபமாகச் சொல்லவில்லை. "பெரிய மிஸ் இருந்தா ஒரே வாட்டியில முடிஞ்சிருக்கும், இல்லங்களா?" என்று என்னிடமே கேட்டார்.

அவர்கள் போனதும் விண்டோஸையும் யூ எழுத்தையும் அழுத்தினேன். அக்கா எப்போதாவது அந்தப் பக்கத்தைத் திறந்து மூடுவதைப் பார்த்திருந்தேன். கீபோர்ட் பகுதியில் 'ஃபில்டர் கீஸ்' என்று ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஒரே பொத்தான் சட்டென்று இரண்டாவது முறை அழுத்தப்பட்டால் அதைக் கணக்கில் எடுக்காது என்று கீழே எழுதியிருந்தது. என் எழுத்துகளைத் தின்றது இதுதான் என்று அணைத்துவிட்டேன். அக்கா சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. கேட்பதற்கு அவர் இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவருடைய நம்பர் என் போனில் இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்க அதுதான் கடைசி நாள், பின்னேரம் நாலு மணியோடு மூடிவிடும். காலையிலிருந்தே அக்காவுக்கு வேலை ஓடவில்லை. அடிப்பார், அழிப்பார், மறுபடி அடிப்பார். ஒரு முறை கையை எடுத்து மடியில் வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றரை மணிக்கு ஒரு தாயும் மகளும் நனைந்துபோய் வந்து சேர்ந்தார்கள். தாய் இறப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். மழையில் மரம் விழுந்து பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. அங்கிருந்து நடந்தே வந்திருந்தார்கள். மின்சாரம் வேறு இரண்டு முறை கண்ணைச் சிமிட்டியது.

"மிஸ், நேரம் இருக்குங்களா?" என்று தாய் கேட்டார்.

"இருக்கு. நம்பர சொல்லு" என்று அக்கா மகளிடம் சொன்னார்.

நான் அவளுடைய சான்றிதழ்களை ஸ்கேன் பண்ணிக்கொண்டிருந்தேன். அவள் அடையாள அட்டை எண்ணை ஒவ்வொன்றாகச் சொன்னாள். அக்கா அடித்தார். நாலு மணிக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது என்னைக் கூப்பிட்டார்.

"ஒரு வாட்டி வந்து நம்பர பாரு."

நான் ஸ்கேனரின் மூடியைப் பிடித்தபடியே எட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு எண்ணுக்கான பெட்டி நிறைந்திருந்தது. நான் பார்த்தது அவ்வளவுதான்.

"சரிக்கா" என்றேன்.

விண்ணப்பம் போனது. தாய் அக்காவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனார். அக்கா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நினைக்க எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. அக்கா பேச்சைக் குறைத்தார். முதல் பஸ்ஸில் வந்து, கடை திறக்கும் முன் படியில் உட்கார்ந்திருப்பார். ஒரு கடிதத்துக்கு மூன்று கடிதத்தின் நேரம் எடுத்தார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் மெல்ல மெல்ல என் பக்கம் நகர்ந்தார்கள். நான் சந்தோஷமாக வேலை செய்தேன். நான் அணைத்த அந்த ஒன்றுக்கும் அவருடைய தடுமாற்றத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. ஓரிரு முறை தோன்றியது. வந்த வேகத்திலேயே அதைத் துரத்திவிட்டேன்.

பதினெட்டாம் நாள் அந்தத் தாயும் மகளும் திரும்பி வந்தார்கள். அடையாள அட்டை எண் பொருந்தாததால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்று போனுக்குச் செய்தி வந்திருந்தது. மகள் அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு போனை மேசையில் வைத்தாள்.

அக்கா சேமித்து வைத்திருந்த படிவத்தைத் திறந்தார். எண்ணின் நடுவில் ஒரு எட்டு வரவேண்டிய இடத்தில் இரண்டு எட்டு விழுந்திருந்தது. பெட்டி பன்னிரண்டுக்கு மேல் வாங்காது. அதனால் கடைசி எண் வெளியே தள்ளப்பட்டிருந்தது. பார்ப்பதற்குப் பெட்டி சரியாகத்தான் நிறைந்திருந்தது.

அவர் தன் வலது கையை மேசையிலிருந்து தூக்கினார். அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகப் பார்த்தேன். விரல்கள் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டன. அந்தக் கையை மறுபடி மேசையில் ஊன்றி விண்டோஸையும் யூவையும் அழுத்தினார். அம்புக்குறிகளால் இறங்கிக் கீபோர்ட் பகுதிக்கு வந்தார். அணைந்திருந்ததைப் பார்த்தார்.

அவர் சிரித்தார். அந்தத் தாய்க்கும் மகளுக்கும் முன்னால், ஒரே ஒரு முறை, சத்தமாக.

"பிழ என் கையில இல்ல" என்றார். யாரிடமும் சொல்லவில்லை, திரையைப் பார்த்துச் சொன்னார்.

பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். நான் போட்டோ கொபி மெஷினின் தாள் தட்டை இழுத்துச் சரிபார்க்கத் தொடங்கினேன். அதில் தாள் நிறைய இருந்தது.

சத்தம் கேட்டு நானா வந்தார். "என்னா பிரச்சின ஈக்கிது?"

"பிழயா அடிச்சிட்டேன் நானா. நான்தான்" என்றார் அக்கா. "நாளைக்கு இவங்கள கூட்டிக்கிட்டுக் கொழும்புக்கு அந்த ஒப்பீசுக்குப் போறேன். லீவு குடுங்க."

"போனாச் சரி வருமா?"

"போகாட்டி சரி வராது."

"நானும் வாரேன்க்கா" என்றேன். அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

பஸ்ஸில் தாயும் மகளும் முன் சீட்டில் இருந்தார்கள். அவிசாவளை தாண்டிய பிறகு அக்கா கேட்டார்.

"எப்ப அணச்ச?"

"நீங்க வராத அந்த வெள்ளிக்கிழம."

"நான் கோயிலுக்குப் போகல. இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் போறேன். ஆறு வருசமா போறேன். இது கை நடுங்குற வருத்தம். ஒரு பொத்தான அழுத்துனா விரல் ரெண்டு வாட்டி அழுத்திரும். மவுஸ புடிச்சா அம்பு திரை முழுக்க ஓடும்." அவர் ஜன்னலைப் பார்த்தபடியே பேசினார். "அந்த ஒண்ணு ஓடுனா ரெண்டாவது அடி விழாது. அத வச்சித்தான் நான் வேல செஞ்சேன். இந்தப் பதினெட்டு நாளும் நான் என்னா நெனச்சேன் தெரியுமா? வருத்தம் முத்திருச்சின்னு நெனச்சேன். இனி இந்தக் கை அவ்வளவுதான்னு நெனச்சேன். டொக்டர்கிட்ட கேக்காம மருந்துக் குளிசய ரெண்டு ரெண்டா போட்டேன். தல சுத்தி லயத்து வாசல்ல விழுந்து, பக்கத்து வீட்டுக்காரங்க தூக்கிவிட்டாங்க."

நான் சொல்லக் கூடாததைச் சொன்னேன். "நீங்க மொதல்லயே சொல்லியிருந்தா நான் தொட்டிருக்க மாட்டேன்க்கா."

"சொல்லியிருந்தா நீ நானாகிட்ட சொல்லியிருப்ப."

"சத்தியமா இல்லக்கா."

"பொய் சொல்லாத. அந்தக் கதிரை மேல ஒனக்குக் கண்ணு இருந்துச்சு. எனக்குத் தெரியாதா?"

கொழும்பு வரும்வரை, மடியிலிருந்த படிவத்தில் அந்த மகளின் அடையாள அட்டை எண்ணைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன்.

அந்த அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் நின்றோம். அதிகாரி ஒரு பெண். கடுகடுப்பானவர் இல்லை, களைத்துப்போயிருந்தார். பிழை விண்ணப்பதாரியுடையது அல்ல என்று, பிழைவிட்டவரே எழுதிக் கையெழுத்திட்டுத் தரவேண்டும் என்று சிங்களத்தில் சொன்னார். பன்னிரண்டு மணிக்குக் கவுண்டரை மூடிவிடுவார். மணி பதினொன்றே கால்.

அக்கா பேனாவை எடுத்தார். முதல் வரியிலேயே முனை காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போனது. இன்னொரு தாள் வாங்கினார். அதில் எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. நான் காகிதத்தைப் பிடித்துக்கொள்ளப் போனேன். என் கையைத் தட்டிவிட்டார்.

"நான் எழுதுறேன்க்கா. அணச்சது நான்தானே."

"அடிச்சது நான்" என்றார்.

அதிகாரி அந்தத் தாளை எடுத்துப் பார்த்தார். "ஐயோ, இதை மேலே அனுப்பினால் வாசிக்க முடியாது. எதிர்ப்பக்கம் கடை இருக்கிறது. டைப் பண்ணிக்கொண்டு வாருங்கள்" என்றார்.

வீதியைக் கடந்து ஓடினோம். அந்தக் கடையும் எங்கள் கடை போலத்தான், ஆள் நெருக்கம். கடைக்காரர் தானே அடித்துத் தருவதாகச் சொன்னார். அவருக்கு முன்னால் நாலு பேரின் வேலை இருந்தது. மூலையில் ஒரு கணினி சும்மா இருந்தது. அக்கா கேட்டு வாங்கிக்கொண்டு அதில் உட்கார்ந்தார். மவுஸை ஓரத்துக்குத் தள்ளினார். கீபோர்டின் வலது பக்க ஷிப்ட் பொத்தானை அழுத்தினார். அழுத்தியவர் கையை எடுக்கவேயில்லை.

"என்ன செய்கிறீர்கள்? அதை உடைத்துவிடாதீர்கள்" என்று கடைக்காரர் சிங்களத்தில் சத்தம் போட்டார். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்கா தலையைத் திருப்பினார். முகம் சிவந்திருந்தது. "எனக்குக் கை நடுங்கும்" என்று கடைக்கே கேட்கும்படி சிங்களத்தில் சொன்னார். "இந்தப் பொத்தானை எட்டு எண்ணும்வரை பிடித்தால் இந்த மெஷின் என் நடுக்கத்தைப் பொறுத்துக்கொள்ளும். நீங்களும் எட்டு எண்ணும்வரை பொறுங்கள்."

நடுக்கத்தில் விரல் பொத்தானிலிருந்து நழுவியது. மறுபடி முதலிலிருந்து பிடித்தார். அந்த மகள் அவருக்குப் பின்னால் போய் நின்று, மெல்லிய குரலில் எண்ணத் தொடங்கினாள். எட்டு என்றபோது கணினி கீச்சென்று ஒலித்தது. அக்கா எண்டரைத் தட்டி, விண்டோஸையும் யூவையும் அழுத்தி, நேர அளவைத் தன் விரலுக்கு ஏற்றபடி மாற்றி, சிங்களத்துக்கு மாறி, அடித்தார். பழைய வேகம். ஒரு எழுத்துக்கூட இரட்டிக்கவில்லை. பிரிண்ட் எடுத்ததும், தான் மாற்றியதையெல்லாம் பழையபடியே வைத்துவிட்டுத்தான் எழுந்தார்.

கையெழுத்து மட்டும் நடுங்கியபடிதான் விழுந்தது. அதிகாரி அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் முத்திரை குத்தினார். பன்னிரண்டுக்கு நாலு நிமிடம் இருந்தது.

மகளுக்கு அடுத்த மாதம் நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்தது. பயிற்சிக்கும் எடுபட்டாள். தாய்க்கு நிலைகொள்ளவில்லை. வாழைக்குலை ஒன்றைச் சுமந்துகொண்டு கடைக்கு வந்து நானாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். "மொதலாளி, அந்தக் கை நடுக்கத்தோட மிஸ் எங்களுக்காக ஒக்காந்து அடிச்சாங்களே, அத நாங்க சாகும்வரைக்கும் மறக்கமாட்டோம்" என்றார். அக்கா தன் கதிரையில் இருந்தார். அந்த அம்மாவை நிறுத்த வழியில்லை.

நானா கெட்ட மனிதர் இல்லை. அடுத்த நாள் வந்து, "ஒங்களுக்கு ஏன் புள்ள கஷ்டம்? கொஞ்ச நாளைக்கு போட்டோ கொபி பக்கம் நில்லுங்க" என்று அன்பாகத்தான் சொன்னார். போட்டோ கொபி பக்கம் நிற்பதென்றால் நாள் முழுக்கக் காகிதத்தைக் கையால் எடுத்து ஆட்களிடம் நீட்டுவது. அக்கா பத்து நாள் நின்றார். காகிதங்கள் அவருடைய கையில் சலசலக்கும். சனங்கள் அதைப் பார்க்காததுபோல் வேறு பக்கம் பார்த்து வாங்கிக்கொள்வார்கள். பதினோராம் நாள் அவர் வரவில்லை. கடையை விட்டுப் போனவர், எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்தக் கதிரை எனக்கு வந்தது. ஒரு மாதம் கழித்து நானாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பிழை என்னால் வந்தது, சரிபார்த்தேன் என்று பொய் சொன்னதும் நான்தான், அக்காவைத் திருப்பிக் கூப்பிடுங்கள் என்றேன். அவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இத இப்ப ஏன் செல்லுற?" என்று கேட்டார்.

அன்று பின்னேரமே அவர் அக்காவுக்குப் போன் பண்ணினார். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். நான் பண்ணவில்லை. எத்தனையோ முறை நம்பரை எடுத்துப் பார்த்து மறுபடி வைத்திருக்கிறேன்.

போன மாதம் அந்த மகள் போன் பண்ணினாள். பயிற்சி முடியப்போகிறது, பெரிய மிஸ்ஸுக்குச் சொல்லவேண்டும் என்று நம்பர் கேட்டாள். கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து அவளே மறுபடி எடுத்தாள்.

"மிஸ், பேசிட்டேன். எம்பிலிப்பிட்டியவுல சொந்தமா கடை போட்டிருக்காங்களாம். நல்லா இருக்காங்க. ஒங்களப் பத்திக் கேட்டாங்க."

"என்னா கேட்டாங்க?"

"இன்னும் அந்தக் கடையிலதான் இருக்காளான்னு கேட்டாங்க. ஆமான்னு சொன்னேன்."

"அதுக்கு என்னா சொன்னாங்க?"

"'இருக்கட்டும்'னு சொன்னாங்க."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன். அவள் தொடர்பு அறுந்துவிட்டதென்று நினைத்து, "மிஸ், கேக்குதா?" என்றாள்.

"கேக்குது" என்றேன். "எப்பிடிச் சொன்னாங்க? கோவமாவா?"

அவள் யோசித்தாள்.

"தெரியல மிஸ். சாதாரணமாத்தான் சொன்னாங்க."